மானிட்டரில் பழுது இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டதால், பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் போட்டு ஓட்டலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ‘பழைய மென்பொருள் வேண்டுமானால் விர்ச்சுவல் மெஷினில் வைத்துக்கொள்ளலாம்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் அச்சகம் ஓடுகிறது. இந்தத் தை மாதம் அதில் நான் பட்ட பாட்டை மற்ற அச்சகக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மன்னார்குடியில் ஒரு சின்ன அச்சகத்தில் 22 வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாமே பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான். அது 2001-இல் வந்தது, அதற்குமேல் புதிய பதிப்பு வரவே இல்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள் எங்களிடம் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. இப்போது எல்லா இடத்திலும் செல்லும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். மாற்றலாம். ஆனால் மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் வரி வரியாகப் பிழை பார்த்தாக வேண்டும். ஒரே நாளில் ஏழு பத்திரிகை கேட்டு நிற்கும்போது அதற்கு நேரம் ஏது?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, பல நாள் கழித்துக் கரண்ட் வந்தபோது, விண்டோஸ் எக்ஸ்பி இருந்த எங்கள் மெஷினின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. என் அண்ணன் மகன் புது மெஷின் வாங்கி உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, அதில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளை வைத்து, பழைய எக்ஸ்பியை அப்படியே அதற்குள் குடியேற்றிக் கொடுத்தான். கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர். ஏழு வருடமாக ஒரு குறையும் இல்லை. உபுண்டுவை அப்கிரேட் செய்யும் வேலையையும் அவனே ஊருக்கு வரும்போது பார்த்துக்கொண்டான்.

இந்த முறை அவன் வரவில்லை. மார்கழியில் கல்யாண வேலை கிடையாது என்பதால் உபுண்டுவை 22.04-லிருந்து 24.04-க்கு நானே ஏற்றினேன். அதோடு விர்ச்சுவல்பாக்ஸும் 6.1-லிருந்து 7.0-க்கு மாறியது எனக்குத் தெரியாது. அப்புறம் எக்ஸ்பியைத் திறந்தால், 22 அங்குலத் திரையின் நடுவில் சின்னதாக நின்றது. ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் சுற்றிலும் கறுப்புதான் பெருகியது, எக்ஸ்பி அசையவே இல்லை.

பழுது பார்க்கும் கடையிலிருந்து ஒரு தம்பி வந்தார். செட்டிங்ஸில் எதையோ மாற்றினார். திரை இன்னும் சுருங்கி 640-க்கு 480 ஆனது. நிறங்களும் போய்விட்டன. பத்திரிகை உச்சியில் வைக்கும் பிள்ளையார் படம் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ‘மானிட்டர் ஒத்துக்கலை மேடம், புதுசு வாங்கிடுங்க’ என்றார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேல்டு மோடில் விட்டுவிட்டு, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

இழுத்துப் பெரிதாக்கிய திரையில் எழுத்து கலங்கித் தெரியும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே பிடிபடாது. சம்பா அறுவடை முடிந்து கையில் காசு வந்த பிறகு எங்கள் பக்கம் முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டு வரும். கோட்டூர்ப் பார்ட்டி ஒருவருக்கு அவசரம். ப்ரூஃப் எடுக்காமல் திரையிலேயே படித்துப் பார்த்து பிளேட்டுக்கு அனுப்பினேன். ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்’ எல்லாம் சரியாக இருந்தது. மாப்பிள்ளை பெயரின் கடைசி எழுத்தில் புள்ளி இல்லை. ‘ன்’ என்பது ‘ன’ என்று 400 பத்திரிகையில் அச்சாகிவிட்டது. பெண்ணின் அப்பா கோபப்படக்கூட இல்லை, பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். இரவோடு இரவாக மறுபடி அடித்துக் கொடுத்தோம். அந்தச் செலவு முழுக்க எங்களுடையது.

மறுநாள் முதலாளி மானிட்டர் வாங்கக் கிளம்பிவிட்டார். அதற்குள் அண்ணன் மகன் போனில் கிடைத்தான். ‘அத்தை, எக்ஸ்பிக்குள்ள கடிகாரத்துக்குப் பக்கத்துல கட்டம் மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கா? அது மேல மவுஸை வைங்க, என்ன நம்பர் காட்டுது?’ வைத்தேன். 6.1 என்று காட்டியது. வெளியே 7.0, உள்ளே 6.1.

விஷயம் இதுதான். வெளியே ஜன்னலை நாம் இழுக்கிறோம் என்பது உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குத் தானாகத் தெரியாது. அதை எடுத்துச் சொல்ல உள்ளே கெஸ்ட் அடிஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. திரையை இயக்கும் மென்பொருளான டிரைவரும் அதில்தான் வருகிறது. வெளியே விர்ச்சுவல்பாக்ஸ் மாறினாலும் உள்ளே இருப்பது தானாக மாறாது, நாம்தான் உள்ளே போய்ப் புதிதாகப் போட வேண்டும். அது ஓடவில்லை என்றால், மேலே வியூ மெனுவில் ‘ஆட்டோ ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே’ என்ற வரி மங்கிக் கிடக்கும். மானிட்டரைச் சந்தேகப்படும் முன் அந்த வரியைப் பாருங்கள்.

கடைத் தம்பி மாற்றியது கிராஃபிக்ஸ் கன்ட்ரோலரை, அதாவது உள்ளிருக்கும் கம்ப்யூட்டருக்கு விர்ச்சுவல்பாக்ஸ் கொடுக்கும் திரை அட்டையின் வகையை. விஎம்எஸ்விஜிஏ என்று வைத்திருந்தார். அது உள்ளே லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு உரியது. விண்டோஸ் 7-க்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் விபாக்ஸ்எஸ்விஜிஏ, எக்ஸ்பி மாதிரிப் பழையவற்றுக்கு விபாக்ஸ்விஜிஏ. பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் யாருக்கும் கை தவறும். அவர் எதை மாற்றினார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால், எனக்கு அந்த 400 பத்திரிகை மிஞ்சியிருக்கும்.

எக்ஸ்பியை முழுதாக ஷட்டவுன் செய்த பிறகுதான் கன்ட்ரோலரை மாற்ற முடியும். நான் தினமும் ‘சேவ் ஸ்டேட்’ கொடுத்தே மூடிப் பழகியவள், அதனால் அந்தக் கட்டம் எனக்குத் திறக்கவே இல்லை. மாற்றி முடித்து எக்ஸ்பியைத் திறந்ததும், டிவைசஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைப் போட்டு நிறுவ வேண்டும். நடுவில், இந்த டிரைவர் விண்டோஸ் லோகோ சோதனையில் தேறவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், ‘கன்டினியூ எனிவே’ கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் வலது கன்ட்ரோலையும் எஃப்-ஐயும் அழுத்தினேன். திரை முழுக்க விரிந்தது. பிள்ளையாருக்குச் சிவப்பு திரும்பி வந்தது.

விண்டோஸ் லேப்டாப்பில் உபுண்டுவை உள்ளே வைத்துப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதே தொல்லை வரும் என்றான் அண்ணன் மகன். அங்கே உள்ளிருக்கும் உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னல் மாறினாலே கெஸ்ட் அடிஷன்ஸை மறுபடி கட்ட வேண்டுமாம். அதற்கு பில்ட்-எசென்ஷியல், அந்தக் கெர்னலுக்கான லினக்ஸ்-ஹெடர்ஸ் என்ற இரண்டு மென்பொருள் தொகுப்புகளும் முதலில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அப்கிரேடுக்கு முன்னால் எக்ஸ்பி இருக்கும் விடிஐ கோப்பை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் ஏற்கும்.

தங்கள் கணினிப் பகுதியில் இதைப் படங்களோடு வெளியிட வேண்டுகிறேன். நீடாமங்கலத்திலும் திருவாரூரிலும் எனக்குத் தெரிந்தே மூன்று அச்சகங்கள் இதே எக்ஸ்பியில் இருக்கின்றன. ராஜகோபாலசுவாமி கோவில் பங்குனித் திருவிழா நோட்டீஸ் வேலை தொடங்குவதற்குள் வந்தால் அவர்களுக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஓர் அச்சக டிடிபி ஆபரேட்டர்,
மன்னார்குடி.