கடைசி விசில் வரை காட்டப்படாத ஆட்டங்கள்: பெருந்திரைத் திரையிடல் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

சென்னை
09.06.2025

அனுப்புநர்:
‘சீசன் இறுதி’த் தொகுப்புக்கு நுழைவுச்சீட்டு பெற்ற வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பெருந்திரை விளையாட்டுத் திரையிடல் நிறுவனம்,
சென்னை.

பொருள்: மே 23, 25, 31 ஆகிய நாள்களின் கால்பந்துத் திரையிடலில் ஏற்பட்ட சேவைக் குறைபாடு – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

ஐரோப்பியக் கால்பந்தின் 2024-25 சீசன் முடிவுக்கு வந்த நாள்களில் தங்கள் நிறுவனம் அறிவித்த மூன்று இரவுத் திரையிடலுக்கு, எனக்கும் என் தம்பிக்கும் ஆளுக்கு 1,800 ரூபாய் வீதம் முன்கூட்டியே செலுத்தி நுழைவுச்சீட்டு பெற்றிருந்தேன். “இரண்டு பெருந்திரைகள், எல்லா ஆட்டங்களும் கடைசி விசில் வரை நேரலையாக” என்ற வாசகம் தங்கள் விளம்பரத்திலும் நுழைவுச்சீட்டின் பின்புறத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. அந்த மூன்று இரவுகளில் ஒன்றில்கூட அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. ஜூன் 2-ஆம் தேதி நான் மின்னஞ்சலில் முறையிட்டபோது, “தாங்கள் விரும்பும் அணி தோற்றதற்கு நிறுவனம் பொறுப்பாகாது” என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான் கேட்காத ஒன்றுக்குத் தரப்பட்ட அந்தப் பதிலால்தான் இக்கடிதத்தை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

என் அணி தோற்றதைப் பற்றி எனக்குத் தங்கள்மீது எந்தப் புகாரும் இல்லை. 2010-இல் மாட்ரிட் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைக் கோப்பை) இறுதிப் போட்டியில் டியகோ மிலிட்டோ இரண்டு கோல் அடித்து பயர்ன் மியூனிக்கை வீழ்த்திய இரவிலிருந்து இன்டர் மிலான் என் அணி. 2023-இல் அதே கோப்பையின் இஸ்தான்புல் இறுதிப் போட்டியில் ரோட்ரி அடித்த ஒரே கோலால் மான்செஸ்டர் சிட்டியிடம் அது தோற்றபோதும், லுகாகு தலையால் முட்டிய பந்து கோல்கீப்பர் எடர்சனின் காலில் பட்டு விலகியதைக் கண்ணெதிரே பார்த்தபோதும், கடைசி விசில் ஊதும்வரை நான் எழுந்திருக்கவில்லை. என் தம்பிக்கு ஆஸ்டன் வில்லா. அவனோடு சேர்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் அது இரண்டாவது அணியாகிவிட்டது. தோல்வியைத் தாங்கத் தெரிந்தவர்கள்தான் இந்த இரண்டு அணிகளையும் பின்தொடர முடியும். தாங்க முடியாதது, காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு காட்டாமல் விடுவது.

முதலாவதாக, மே 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, நம் நேரப்படி நள்ளிரவு கடந்து 12.15 மணிக்குத் தொடங்கிய இத்தாலிய லீக்கின் கடைசிச் சுற்று. நேப்போலி 79 புள்ளிகளோடும் இன்டர் 78 புள்ளிகளோடும் அந்த இரவுக்குள் நுழைந்தன. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இன்டருக்கு எதிராக லாட்சியோ அணிக்காக பெட்ரோ 90-ஆம் நிமிடத்தில் பெனால்ட்டி அடித்து 2-2 என்று சமன் செய்யாமல் இருந்திருந்தால், இன்டர்தான் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்திருக்கும். கோமோ நகரில் இன்டர், நேப்பிள்ஸில் நேப்போலி என்று இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் பார்க்காமல் இருந்தால் அந்த இரவின் பொருளே விளங்காது. புள்ளிகள் சமமாகிவிட்டால் கோப்பையைத் தீர்மானிக்கத் தனி ஆட்டம் நடத்த வேண்டும் என்பது அந்த லீக்கின் விதி. ஆகவே எந்த மைதானத்தில் கோல் விழுந்தாலும் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு திரைகள் என்று தாங்கள் விளம்பரம் செய்ததன் காரணமும் அதுதான் என்று நம்பியே நாங்கள் வந்தோம்.

20-ஆம் நிமிடத்தில் டெ வ்ரை தலையால் முட்டி இன்டருக்கு முதல் கோலைத் தந்தார். அந்த நிமிடத்திலிருந்து 42-ஆம் நிமிடம் வரை, நேப்போலி கோலின்றித் திணறிக்கொண்டிருந்ததால், புள்ளிப் பட்டியலின்படி இத்தாலியின் சாம்பியன் இன்டர்தான். ஒரு ரசிகனுக்கு அந்த இருபத்திரண்டு நிமிடங்களின் மதிப்பு என்ன என்பதைத் தங்கள் நிறுவனத்தில் கால்பந்து பார்க்கிற எவரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த நேரம் முழுவதும் நேப்பிள்ஸில் என்ன நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டிய இரண்டாவது திரையில் ஒரு குளிர்பான விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. இணைப்புக் கம்பி பழுது என்றார்கள். சரிசெய்ய யாரும் வரவில்லை. ஸ்காட் மெக்டோமினே அந்தரத்தில் சாய்ந்து கத்தரி போலக் காலை வீசி அடித்த கோல், அந்த சீசனின் போக்கையே முடித்துவைத்த கோல், எங்களுக்குப் பக்கத்து மேசைக்காரர் ஒருவரின் கைப்பேசி வழியாகத்தான் செய்தியாக வந்து சேர்ந்தது. இடைவேளைக்குப் பிறகு கொரியா இன்டரின் இரண்டாவது கோலையும் லுகாகு நேப்போலியின் இரண்டாவது கோலையும் அடித்தார்கள். இரு அணிகளும் 2-0 என்றே வென்றன. 82-க்கு 81 என்று ஒரே ஒரு புள்ளியில் கோப்பை நேப்போலிக்குப் போனது. அந்த இரவின் பாதியை மட்டுமே நாங்கள் பார்த்தோம்.

மே 25-ஆம் தேதி ஞாயிறு இரவு இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் கடைசி நாள். அன்று இரண்டு திரைகளும் வேலை செய்தன என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பெரிய திரையில் லிவர்பூல் – கிறிஸ்டல் பேலஸ் ஆட்டத்தையும், சிறிய திரையில் ஐந்து ஐந்து நிமிடங்களாக மாற்றி மாற்றி மற்ற ஆட்டங்களையும் காட்டினீர்கள். லிவர்பூல் ஏப்ரல் 27-ஆம் தேதியே டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று சாம்பியனாகிவிட்டது. கோப்பை வழங்குவதைப் பார்க்க வந்த லிவர்பூல் ரசிகர்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. அது ஆட்டம் முடிந்த பிறகு நடப்பது, அப்போது பெரிய திரையை அவர்களுக்குத் தந்திருக்கலாம். அடுத்த ஆண்டுச் சாம்பியன்ஸ் லீக்கில் யார் ஆடுவார்கள் என்ற கேள்விக்கு அப்போது விடை கிடைத்துக்கொண்டிருந்தது மான்செஸ்டரிலும் நியூகாசிலிலும் நாட்டிங்ஹாமிலும். மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் வில்லா ஆடும் ஆட்டம் முழுமையாகக் காட்டப்படும் என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டு உறுதி செய்துகொண்டவன் என் தம்பி.

அங்கே இடைவேளைக்குச் சற்று முன்பு வில்லாவின் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடிய அணி, ஆட்டம் 0-0 என்றிருந்தபோது ஒரு கோல் அடித்தது. மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் பாயின்டிரின் கைக்கு வந்த பந்தை மோர்கன் ராஜர்ஸ் தட்டிப் பறித்து வலைக்குள் தள்ளினார். ஆனால் பந்து கோட்டைக் கடக்கும் முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டதால், வீ.ஏ.ஆர். எனும் காணொளி நடுவர் முறை தலையிட வழியே இல்லாமல், அந்தக் கோல் செல்லாமல் போயிற்று. அடுத்த சில நிமிடங்களில் அமாத் டியாலோவும், பிறகு பெனால்ட்டியில் எரிக்சனும் கோல் அடித்து யுனைடெட் வென்றது. அதே நேரத்தில் நியூகாசில் எவர்ட்டனிடம் தோற்றிருந்தது. வில்லாவுக்கும் நியூகாசிலுக்கும் தலா 66 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் வில்லா ஆறாம் இடத்துக்குப் போனது. ஒரு டிரா போதும், ஐந்தாம் இடமும் சாம்பியன்ஸ் லீக்கும் கிடைத்திருக்கும். இங்கிலாந்தின் நடுவர் அமைப்பிடம் வில்லா கிளப் முறைப்படி புகார் அளிக்கும் அளவுக்குப் பெரிதான அந்த நிகழ்வு நடந்த நேரத்தில், தங்கள் சிறிய திரை வேறோர் ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. திரும்ப வந்தபோது வீரர்கள் நடுவரைச் சூழ்ந்து நின்றார்கள்; ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இவை இரண்டையும்கூடத் தொழில்நுட்பக் கோளாறு, திட்டமிடலில் குறை என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். மே 31-ஆம் தேதி இரவு நடந்தது வேறு வகை.

மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு இன்டர் வந்து சேர்ந்த வழி இந்த அணியைப் பின்தொடர்பவர்களுக்கு மறக்க முடியாதது. அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக முதல் ஆட்டம் 3-3. இரண்டாவது ஆட்டத்தில் தோல்வி உறுதி என்றிருந்தபோது, 37 வயதான அச்செர்பி, 90 நிமிடங்களுக்குப் பின் நடுவர் சேர்த்துத் தந்த நேரத்தின் மூன்றாம் நிமிடத்தில் சமன் செய்தார். பிறகு ஃப்ராட்டேசி அடித்த கோலால் மொத்தக் கணக்கு 7-6. எதிரே நின்ற பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன், காலிறுதியில் வில்லாவை 5-4 என்ற மொத்தக் கணக்கில் வெளியேற்றிய அணி. எங்கள் வீட்டில் இருவருக்கும் அந்த இறுதிப் போட்டியில் தனித்தனிக் கணக்கு இருந்தது.

12-ஆம் நிமிடத்தில் ஹக்கீமி முதல் கோலை அடித்தார். 2021-இல் இன்டரோடு லீக் கோப்பையை வென்றவர் அவர். அதனால் கொண்டாடாமல் கையெடுத்து இன்டர் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 19 வயது டெசிரே டூவே 20-ஆம் நிமிடத்திலும் 63-ஆம் நிமிடத்திலும் கோல் அடித்தார். 73-ஆம் நிமிடத்தில் க்வாரட்ஸ்கேலியா நான்காவது கோலை அடித்ததும், தங்கள் ஊழியர்கள் அரங்கின் விளக்குகளைப் போட்டு, வர்ணனையின் ஒலியை நிறுத்தி, திரையில் வேறு பாட்டு நிகழ்ச்சியை ஓடவிட்டு, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டத்தில் இன்னும் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் மிச்சம் இருந்தன. நான் சென்று கேட்டபோது மேற்பார்வையாளர் சொன்னது இது: “தோத்துப்போன மேட்ச்ச இன்னும் எவ்வளவு நேரம் சார் பாப்பீங்க? பாதிப் பேர் கெளம்பிட்டாங்க.”

அவர்மீது தனிப்பட்ட நடவடிக்கை எதையும் நான் கோரவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் சொன்ன காரணத்தைத் தங்கள் நிறுவனமும் தன் மின்னஞ்சல் வழியே ஆமோதித்திருப்பதால், அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். தேர் நிலைக்கு வரும்வரை வடத்தை விட்டுப் போகாதவர்கள் நாங்கள். எழுந்து போன பாதிப் பேருக்கு அந்த உரிமை உண்டு. அதைக் காரணமாக்கி, உட்கார்ந்திருந்த மீதிப் பேரின் ஆட்டத்தை அணைக்கிற உரிமை யாருக்கும் இல்லை. அந்த இறுதிப் போட்டி 5-0 என்று முடிந்தது. அக்கோப்பையின் வரலாற்றில் எந்த இறுதிப் போட்டியும் அத்தனை கோல் வித்தியாசத்தில் முடிந்ததில்லை. அந்த ஐந்தாவது கோலை மயூலு என்ற 19 வயது இளைஞர் எப்படி அடித்தார் என்பதை நாங்கள் பார்க்கவில்லை. இன்டரின் பயிற்சியாளராக சிமோனே இன்சாகி நின்ற கடைசி ஆட்டமாக அது அமைந்தது. நான்கு ஆண்டுகள் அந்த அணியை நடத்தியவர் கடைசி விசிலின்போது எப்படி நின்றார் என்பதைப் பார்க்கவில்லை. சிறு வயதில் நோயால் இறந்த மகள் ஷானாவோடு பாரிஸ் அணியின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே நிற்பது போல் வரைந்த பெரும் துணியைப் பாரிஸ் ரசிகர்கள் ஆட்டம் முடிந்ததும் விரித்தார்கள். எதிரணி ரசிகனான நானும் எழுந்து நின்று மரியாதை செய்திருக்கக்கூடிய காட்சி அது. மறுநாள் செய்தித்தாளில் படமாகத்தான் பார்த்தேன். தோற்கும் அணியின் ரசிகனுக்கு வெற்றி பெற்றவனைவிடக் குறைவாகக் காட்டினால் போதும் என்பது தங்கள் நிறுவனத்தின் கொள்கையானால், நுழைவுச்சீட்டு விற்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எனவே நான் கோருவது இவைதான். இரண்டு நுழைவுச்சீட்டுகளுக்கான 3,600 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். அடுத்த தொகுப்புக்கான தள்ளுபடிச் சீட்டு எனக்கு வேண்டாம். மே 31 இரவு ஆட்டத்தைப் பாதியில் நிறுத்த முடிவெடுத்தது யார், எந்த விதியின்படி என்பதை எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். “கடைசி விசில் வரை” என்று இனியும் விளம்பரம் செய்வதானால், கோல் கணக்கு எதுவாயினும் ஆட்டம் முடியும்வரை திரை அணைக்கப்படாது என்பதை நுழைவுச்சீட்டின் நிபந்தனைகளில் சேர்க்க வேண்டும். அன்று இறுதிவரை இருந்த மற்ற பார்வையாளர்களுக்கும் அந்த இரவுக்குரிய தொகையைத் திருப்பித் தருவதே முறை; அவர்கள் சார்பில் பேச எனக்கு அதிகாரம் இல்லையென்றாலும், அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பது தங்களுக்கு அழகல்ல என்று கருதுகிறேன்.

விளம்பரத்தில் வாக்களித்த சேவையை வழங்காமல் விடுவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு ஆகும். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் தக்க பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வதோடு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடவும் தயங்கமாட்டேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதால், தொகை சிறியது என்று நான் விட்டுவிடப்போவதில்லை.

ஆகஸ்டில் புதிய சீசன் தொடங்குகிறது. அதற்கான விளம்பரத்தைத் தங்கள் நிறுவனம் வெளியிடும் முன் இந்தப் புகாருக்குத் தீர்வு காணும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: நுழைவுச்சீட்டுகளின் இருபக்க நகல், பணம் செலுத்திய ரசீது, மே 31 இரவு அரங்கில் எடுத்த நிழற்படங்கள், ஜூன் 2-ஆம் தேதி மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும்.