சோகைத் தீயும் உன் ஓக் காடும்

நெல்லிக்குப்பம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த வைக்கோல் போர்தான் கண்ணில் நிற்கிறது. எட்டாவது படிக்கையில், கரும்பு வெட்டி முடித்த எங்கள் கொல்லையில் நாம் இருவரும் சோகையை, அந்தக் காய்ந்த கரும்புத் தோகையை, கொளுத்தினோமே. தீ வரப்பைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் போரைத் தின்றுவிட்டது. பயந்துபோய் என்னோடு கெடிலம் ஆற்று மணலில் ஒளிந்திருந்தவன், இன்று சிகாகோ பக்கத்தில் ஓக் மரங்களைக் காப்பாற்றக் காட்டுக்குத் தீ வைக்கும் குழுவில் நிற்கிறாய்!

நீ எழுதியதில் இலைச் சங்கதிதான் என்னை விடவில்லை. ஓக் இலை காய்ந்தால் சுருண்டு, இடையில் காற்றோட்டத்துடன் கிடக்கும், சட்டென்று பற்றும். மேப்பிள் இலை தட்டையாகப் படிந்து ஈரம் காக்கும். பல பத்தாண்டுகள் தீயே அண்டாமல் காத்ததில் மேப்பிள் நிழல் கட்டி, வெயில் இல்லாமல் ஓக் கன்றுகள் எழும்பவில்லை என்கிறாய். பர் ஓக் என்ற வகையின் தடித்த பட்டை தீயைத் தாங்குகிறது. இளங்கன்று கருகினாலும் மண்ணுக்குள் உறங்கும் மொட்டு துளிர்க்கிறது. அதைப் படித்ததும் எனக்குச் சோகை எரிந்த கொல்லைதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் விட்டதும் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து கரியைப் பிளந்துகொண்டு கட்டைக் கரும்பு கிளம்புமே, அந்தப் பச்சை!

ஆனால் நான் சோகை கொளுத்துவதை விட்டு ஆறு வருடமாகிறது. தூளாக்கிக் கரும்பு வரிசைகளுக்கு இடையே பரப்பிவிடுகிறேன். மண்ணில் ஈரம் நிற்கிறது.

நம் பக்கத்துக் காட்டுக்கும் தீ ஆகுமா என்று கேட்டிருந்தாய். போன மாதம் புதுச்சேரிப் பக்கத்துப் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போனேன். வீரை மரங்களும் காசா மரங்களும் வெயில் புகாமல் மூடி நிற்கின்றன. கன்றுகள் அந்த நிழலில், மக்கிய சருகில் முளைக்கின்றன. அங்கே ஒரு தீக்குச்சிகூடக் கூடாது. கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையின் கதை வேறு. அங்கே சோலிகர் என்ற பழங்குடிகள் காலங்காலமாகச் சருகுக்குத் தீ வைத்து வந்தவர்கள். அது தடைப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி என்ற அயல் புதர் காட்டை மூடியது என்கிறார்கள். காட்டோடு வாழ்ந்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

காற்று போய்ச் சேரும் ஓரத்தில் முதலில் வைப்பீர்கள், அது காற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்து, தீ தாண்ட முடியாத கரிந்த பட்டியாக ஆனபிறகே மறுபக்கம் வைப்பீர்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று நாம் வைத்தது காற்று வந்த பக்கத்தில்.

நடுவில் காற்று திரும்பினால் என்ன செய்வீர்கள்? அதை மட்டும் விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்