என் பாட்டுக்காரிகளைக் காயவைத்துக் கொடுத்தவருக்கு

மழையைப் பற்றி எழுதப் போவதில்லை. வேளச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் இன்னும் சேற்று வாடை போகவில்லை, ஆனாலும் இப்போது எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன், என் குணம் எனக்குத் தெரியும்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். படகோடு வந்த மீனவத் தம்பிகள், மொட்டை மாடிக்கு மூன்று நாள் சோறு ஏற்றி அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, பேர்கூடச் சொல்லாமல் பால் பாக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போன காலேஜ் பசங்க, தெருவைத் தெருவாக ஆக்கிக் கொடுத்த தூய்மைப் பணியாளர்கள், எல்லோருக்கும் என் கும்பிடும் அம்மாவின் கும்பிடும்.

ஆனால் இந்த மடல் ரேஷன் கடை ஓரத்தில் கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர் அண்ணனுக்கு.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் தகரப் பெட்டியையும் தெரியும். 43 கேசட், பாடுவது எல்லாம் பெண்கள். 1985இல் மாமா பர்மா பஜாரில் வாங்கி வந்த டினா டர்னரில் ஆரம்பித்தது. எங்கள் தெருவில் அந்த வயதுப் பெண்கள் மூட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம், இந்த அம்மா அடித்த புருஷனை விட்டு வெளியே வந்து, 44 வயதில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருக்கிறார் என்று மாமா சொன்னபோது பள்ளிக்கூடப் பெண்ணான எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் தன் உடம்பில் பாதி உயரத்துக்கு பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்ட சூசி குவாட்ரோ, தானே எழுதிய பாட்டால் 19 வயதில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்த கேட் புஷ், குண்டுவெடிப்பில் செத்த இரண்டு பிள்ளைகளுக்காகத் தொண்டை கிழியப் பாடிய டோலரஸ் ஓ'ரியோர்டன். 2023 மே மாதம் டினா போனார், ஜூலையில் அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர் போனார், டிசம்பரில் பெட்டியே தண்ணீருக்குள் போனது.

“அத்தை, எல்லாம் யூடியூப்ல இருக்கு” என்றான் அண்ணன் பையன். இருக்கிறதுதான். ஆனால் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த பாட்டின் நடுவே அப்பா இருமுவது யூடியூபில் இல்லையே. அதை அவனிடம் சொல்லவில்லை. பெட்டியைக் குப்பை வண்டிக்குக் கொண்டுபோகும் வழியில், அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கொடுக்கலாமென்று அண்ணன் கடையில் நின்றேன்.

“அதுல என்னம்மா?” என்றார். சொன்னேன். “வெச்சிட்டுப் போங்க.” அவ்வளவுதான் பேச்சு.

ஒரு கேசட்டுக்கு ஐந்து ஸ்க்ரூ. வாட்ச் திருகும் அதே குட்டி ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் திறந்து, நாடாவைக் கேன் தண்ணீரில் அலசி, ஃபேன் காற்றில் மட்டும் காயவைத்து (வெயிலில் வைத்தால் சுருண்டுவிடுமாம்), பென்சிலால் சுற்றி, வேறு கூட்டுக்கு மாற்றியிருக்கிறார். கூடுகளுக்குக் காயலான் கடையில் ஒரு மூட்டை பழைய கேசட் வாங்கினாராம். அதனால் இப்போது டினா டர்னர் ஐயப்பன் பாடல்கள் என்று எழுதிய கூட்டுக்குள் இருக்கிறார், தொண்டை கிழியக் கத்திப் பாடும் ஜானிஸ் ஜாப்லின் ஏதோ கட்சிக் கூட்டப் பேச்சுக்குள். அவருக்கு அது பொருத்தம்தான்.

31 பிழைத்தன, அப்பாவின் இருமலும் அதில் உண்டு. ஒன்றுக்கு இருபது ரூபாய் வாங்கினார், போன பன்னிரண்டுக்கு வாங்கவில்லை. “செத்ததுக்கு எதுக்கும்மா காசு?”

ஒவ்வொன்றையும் ஹெட்போனில் போட்டுக் கேட்டுத்தான் கொடுத்தார். ஜாப்லினைக் கேட்டுவிட்டு, “இந்தம்மாவுக்கு யார் மேல இவ்வளவு கோபம்?” என்றார். கேரன் கார்ப்பென்டர் வந்தபோது மட்டும் கண்ணிலிருந்த லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். “இந்தப் பொண்ணு இருக்காங்களா?” இல்லை, 1983லேயே போய்விட்டார், 32 வயசு, சாப்பாட்டையே ஒதுக்கி ஒதுக்கி உடம்பு போய்விட்டது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

நாற்பது வருஷமாக இந்த ஆசையைக் கொஞ்சம் மறைத்தே வைத்திருந்தேன். கல்யாண வீட்டில் யாராவது என்ன பாட்டு பிடிக்கும் என்றால் சுசீலா அம்மா என்பேன், அதுவும் பொய்யில்லை. 1969இல் இதே ஊரில், மவுண்ட் ரோட்டு நைட் கிளப்பில், புடவையோடு நின்று ஆங்கிலப் பாட்டு பாடிய உஷா உதுப்புக்கு இல்லாத கூச்சம், கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட எனக்கு எதற்கோ. இனிமேல் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்காது, பரண்மேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்து வைத்துத்தான் போடப்போகிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் மன்னிக்கவும்.

எண்ணிப் பார்த்தால் என்னிடம் 30தான் இருக்கிறது. கார்ப்பென்டர் கேசட்டில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி என்று நீங்களே வைத்துக்கொண்டீர்கள். நேற்று கடையைத் தாண்டிப் போனபோது அது ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகத்தான் ஓடியது. அவசரமில்லை அண்ணே.