ஃபார்மட் செய்யாமல் கொண்டு வாருங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கேம் ஆடும்போது பாதியில் நின்றுபோகிறது என்று எங்களிடம் வரும் கணினிகளில் பல, வரும்போதே ஃபார்மட் ஆகித்தான் வருகின்றன. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் பதிவுகளும் அதோடு போய்விடுகின்றன. அதனால்தான் இந்த மடல்.

எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, மெஷின் எப்படி நின்றது என்பதுதான். கேம் மட்டும் மூடிக்கொண்டதா? நீலத் திரை வந்ததா? திரை கறுத்து, ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருந்ததா? இல்லை, சுவிட்சை அணைத்தாற்போல் மொத்தமாக அடங்கியதா? முதல் இரண்டும் என்றால் பெரும்பாலும் டிரைவரையோ (பாகங்களை இயக்கும் மென்பொருள்) ரேமையோ பார்ப்போம். மூன்றாவது என்றால் கிராஃபிக்ஸ் கார்டு. நான்காவது என்றால் பவர் சப்ளை, சில சமயம் சூடு. நீலத் திரையில் வரும் எழுத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அண்மையில் வந்த ஒரு மெஷின், பெரிய சண்டைக் காட்சி தொடங்கினால் போதும், பட்டென்று அணைந்து தானாக மறுபடி எழும். அதற்குள் மூன்று முறை ஃபார்மட் ஆகியிருந்தது. பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், கிராஃபிக்ஸ் கார்டில் எட்டு பின் சாக்கெட் இரண்டு இருக்கிறது, பவர் சப்ளையிலிருந்து வந்த கேபிளோ ஒன்றுதான். அதன் நுனியில் இருந்த இரண்டு தலையையும் இரண்டிலும் செருகியிருந்தார்கள். எட்டு பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. இரண்டின் சுமையையும் ஒரே கேபிள் தாங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, இந்தக் கால கார்டுகள் ஒரு கணம் தங்கள் கணக்கையும் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை தரத்தில் இந்தத் திடீர் இழுப்புக்கென்றே தனி விதி சேர்த்தார்கள். தனித்தனியாக இரண்டு கேபிள் போட்டுக் கொடுத்தோம், அப்புறம் நிற்கவில்லை.

விண்டோஸ் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் வேகம்தான் ரேமின் இயல்பான வேகம் என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது பெரும்பாலும் பயாஸில் (மெஷின் எழும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பைப் போட்டால் கிடைக்கும் வேகம். அது ஒரு வகை ஓவர்கிளாக்தான், அதாவது இயல்பான வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. அந்த அமைப்பை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஆடிப் பாருங்கள். க்ராஷ் நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டான். சந்தேகம் தீரவில்லை என்றால் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் ஓடட்டும். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்ப முடியாது.

சூடு என்றால் மெஷின் பெரும்பாலும் முதலில் மந்தமாகும், அப்புறம்தான் அணையும். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வெறியாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். அவற்றில் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பிராசஸரின் உள்நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தம் வெளியிட்டது. அது பயாஸ் புதுப்பிப்போடு வரும். ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று கேம் புலம்பும், கார்டைக் குறை சொல்வோம், குற்றவாளி பிராசஸராக இருக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவர், ரேம், பயாஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வந்தால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று எங்களாலும் சொல்ல முடியாது.

சரி, கொண்டு வரும்போது எந்த கேம், எத்தனையாவது நிமிடம், எப்படி நின்றது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். மானிட்டர் வேண்டாம். பவர் சப்ளையோடு வந்த மீதிக் கேபிள் பை இருந்தால் அவசியம் எடுத்து வாருங்கள். வேறு பவர் சப்ளையின் கேபிள் கச்சிதமாகப் பொருந்தினாலும் நீங்களாகச் செருகிவிடாதீர்கள். உள்ளே பின்களின் (ஊசிகளின்) வரிசை மாறியிருந்தால் போர்டே எரிந்துவிடும்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு