மீட்டர் கொடுங்கள், விளக்கைப் பிடுங்காதீர்கள்

பழைய கார்களுக்கு மீட்டர் செட் விற்பவர்களுக்கு,

வணக்கம்.

ஆயில் பிரஷர் மீட்டரோடு நீங்கள் தரும் தாளில், ஆயில் விளக்கை எரியவைக்கும் பழைய சுவிட்சை இன்ஜினிலிருந்து கழற்றிவிட்டு அதே இடத்தில் புதுச் சென்சாரை மாட்டச் சொல்கிறீர்கள். எலக்ட்ரீஷியனும் அப்படியே மாட்டித் தருகிறார். டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கு அன்றோடு செத்துவிடுகிறது.

மீட்டர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பேரிங் தேயத் தேய பிரஷர் மெல்லக் குறைவதை முள்தான் காட்டும். ஆனால் இரவில், எதிரே ஹெட்லைட் அடிக்க, லாரியை முந்துகிறவர் 52 மி.மீ. மீட்டரைப் பார்த்துக்கொண்டா ஓட்டுவார்? ஆயில் பைப் விட்டுப்போனால் முள் சத்தமில்லாமல் பூஜ்யத்துக்குச் சரியும். 3000 ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜினில் பேரிங் உருகிக் கிராங்கைப் பிடிக்க அதிக நேரம் ஆகாது. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பத்மினி கார் அதற்கும் முன்பே. கிராங்குக்கு எங்கே அலைவது?

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். செட்டுக்குள் ஒரு பித்தளை டி-ஜாயிண்ட் போடுங்கள்: ஒரு வாயில் சென்சார், மறுவாயில் பழைய சுவிட்ச். டி-யை நேரே இன்ஜின் பிளாக்கில் தொங்கவிட்டால் அதிர்வில் கழுத்து முறிந்து ஆயில் பீய்ச்சும். அதனால் பிளாக்குக்கும் டி-க்கும் நடுவே பின்னல் ஹோஸ் வைத்து, டி-யை பாடியில் கிளாம்ப் போட்டு, அதற்குத் தனி எர்த் ஒயர் கொடுக்க வேண்டும். மரையையும் பெட்டியில் அச்சிடுங்கள். அமெரிக்க பைப் மரையான 1/8 என்பிடிக்கு இன்ச்சுக்கு 27 மரை, பிரிட்டிஷ் மரையான 1/8 பிஎஸ்பிக்கு 28. ஒன்றில் மற்றதை மாட்டினால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். சாதாரண சுவிட்ச், பிரஷர் 5 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு 5 பவுண்டு) பக்கம் இறங்கினால்தான் விளக்கை எரியவிடும். ஓட்டத்தில் அது ரொம்பத் தாமதம். 15 பிஎஸ்ஐ சுவிட்ச் நல்லது. சூடான ஐடிலில் அது மினுக்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

டெம்பரேச்சர் மீட்டரில் ஆபத்து இன்னும் அதிகம். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சார் வெறுங்காற்றில் நிற்கும், முள் கீழே இறங்கும். இன்ஜின் ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போது மீட்டர் 'எல்லாம் சரி' என்கிறது. ரேடியேட்டர் மேல்தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கும் சுவிட்சும் தனி விளக்கும் இருந்தால்தான் இது தெரியும். விளக்குக்கு மீட்டரின் ஃபியூஸையே கொடுக்காதீர்கள். அது போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

சொல்லத் தொடங்கினால் நிற்காது. 10–180 ஓம் மீட்டருக்கு 240–33 ஓம் சென்சாரைக் கொடுத்தனுப்புகிறார்கள். ஒன்றில் பிரஷர் ஏற ஓம் ஏறும், மற்றதில் இறங்கும்; அதனால் முள் தலைகீழாக ஓடுகிறது. சார்ஜ் விளக்கை எல்ஈடியாக மாற்றச் சொல்கிறார்கள். பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. எல்ஈடிக்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். அதைக்கூடத் தராமல், பேட்டரி போனது என்று வண்டிக்காரர் திரும்பத் திரும்பக் கடை ஏற வேண்டுமா?

மன்னியுங்கள், கேட்க வந்தது ஒன்றுதான். ஆயில் விளக்கை எடுக்காதீர்கள். அடுத்த முறை அந்தத் தாளை அச்சடிக்கும்போது கழற்றச் சொல்லும் வரியை நீக்கி, பெட்டிக்குள் டி-ஜாயிண்டும் ஹோஸும் வைத்துத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அதற்கான விலையைச் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளை இன்னும் ரோட்டில் ஓட்டுகிறவர்கள்