கச்சான் காற்றும் உன் வீட்டு ஜன்னல் கண்ணாடியும்

இராமநாதபுரம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

கண்ணாடி துடைக்கும் வேக்குவம் மெஷின் கறை விடுகிறது என்று நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிவது இரண்டு விதமான கறை. ஒன்று மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக, ஒவ்வொரு இழுப்பிலும் மெஷின் ரப்பரின் அதே இடத்தில் விழுகிறது. இன்னொன்று அங்கங்கே வெள்ளைத் திட்டாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. மெஷின் கெட்டுப்போகவில்லை தாயி, கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதே.

அந்த வேக்குவம், கரைந்த அழுக்கைத் தண்ணீரோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதனால் முடியும். கடல்காற்றில் வந்து கண்ணாடியில் படியும் உப்பைக் கரைப்பது நம் கைவேலை. இரண்டு பக்கமும் கடல் இருக்கிற உன் பாம்பனில் அந்தக் கைவேலையைச் சுருக்கினால் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினும் கோடுதான் போடும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். உனக்கு அது நடக்காது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில், வைகாசியிலிருந்து ஆவணி வரை, மன்னார் வளைகுடா பக்கம் பார்த்த தெற்கு, மேற்குக் கண்ணாடிகளுக்கு வாரம் ஒருமுறை வேண்டும். வாடைக்காற்று திரும்பியதும் பாக் நீரிணை பக்கம் இருக்கிற வடக்குக் கண்ணாடிகளுக்கு அந்த முறை வரும். எல்லா ஜன்னலையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை.

உப்புப் படிந்த கண்ணாடியைக் காய்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதே. உப்பு கண்ணாடியைவிட மென்மையானது, கீறாது. அதோடு ஒட்டியிருக்கும் மணல்தான் கீறும். கடினத்தன்மை அளவுகோலில் உப்பு 2.5, ஜன்னல் கண்ணாடி சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஒருமுறை கீறல் விழுந்தால் அதை எளிதில் எடுக்க முடியாது.

நேரமும் முக்கியம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கும் முன்பே பிசுபிசுக்கும். விடிகாலையில் கண்ணாடியைத் தொட்டால் விரல் ஒட்டுவது அதனால்தான். அந்த நேரத்தில் உப்பு பாதி கரைந்த நிலையில் இருக்கும், சீக்கிரம் வந்துவிடும். மேற்குக் கண்ணாடியைக் காலையில் செய். கிழக்குக் கண்ணாடியை மாலையில் செய். வெயில் விழும் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் மெஷின் வருவதற்குள் காய்ந்துவிடும், அந்தத் தடம் பிறகு போவது கஷ்டம்.

இனி வேலையைச் சொல்கிறேன். முதலில் பெயிண்ட் பிரஷ்ஷால் ஃபிரேம், கீழே ஷட்டர், அதாவது நகரும் கண்ணாடிக் கதவு, ஓடும் சேனல் எல்லாவற்றிலும் இருக்கும் மணலைத் தட்டி எடு. பிறகு நல்ல தண்ணீரை ஸ்பிரேயரில் ஊற்றி மேலிருந்து கீழாக வழியவிடு. ஒரு ஷட்டருக்கு அரை லிட்டர் ஆகும். இந்த முதல் தண்ணீரை மெஷினால் உறிஞ்சாதே, வழிந்து போகட்டும். இதில்தான் பெரும்பகுதி உப்பு போகிறது. இதை மெஷினுக்குள் ஏற்றினால் 100 மில்லி தொட்டி நிமிஷத்தில் நிரம்பும், உப்புத் தண்ணீர் உள்ளே தங்கும். இரண்டு நிமிஷம் பொறுத்து சோப்புத் தண்ணீர் தெளித்து, மைக்ரோஃபைபர் பட்டையால் ஓரங்கள் வரை தேய். கடைசியாக மெஷின்.

உன் போட்டோவில் இருக்கும் வெள்ளைத் திட்டு போர்வெல் தண்ணீரின் வேலை. அந்தத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இரண்டும் உண்டு. கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளையாக நிற்கும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் கண்ணாடிக்கென்று ஒதுக்கி வை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து மெல்லிய துணியில் வடிகட்டினால் அதைவிட நல்லது, அதில் சுண்ணாம்பு கிடையாது. ஏற்கெனவே படிந்த திட்டுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவி, ஐந்து நிமிஷம் காயாமல் ஈரமாகவே வைத்துத் தேய்த்துக் கழுவு. ஜன்னல் அடிக்கட்டையில் மார்பிள் இருந்தால் அதில் வினிகர் படக்கூடாது, அரித்துவிடும். பாத்ரூம் ஆசிட்டைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகாதே. அது அலுமினிய ஃபிரேமைத் தின்றுவிடும், பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் விஷவாயுவும் வரும்.

சோப்பின் அளவைக் கையால் ஊற்றிப் பார்க்காதே. மெஷினோடு வரும் பாக்கெட் 20 மில்லி என்றால் அது 250 மில்லி பாட்டிலுக்கு. அது தீர்ந்துவிட்டால் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு மூன்று சொட்டு, அதே 250 மில்லிக்கு. கூடினால் கண்ணாடியில் எண்ணெய்ப்படலம் மாதிரி தங்கும், தொட்டிக்குள் நுரை எழும்பும். நுரைதான் இந்த மெஷினுக்குப் பெரிய எதிரி. ஏன் என்று கேட்டால், ரப்பர் பட்டி இருக்கும் தலைவழியாகத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து ஏறும்; உள்ளே இருக்கும் தடுப்பில் காற்று சட்டென்று திரும்பும்போது கனமான தண்ணீர் கீழே தொட்டியில் விழும், காற்று மட்டும் விசிறி வழியே வெளியேறும். நுரைக்குக் கனம் இல்லை, அதனால் காற்றோடு சேர்ந்து விசிறிக்குள் போய்விடும்.

ஓட்டும் முறையில் நீ அழுத்துகிறாய் என்று நினைக்கிறேன். ரப்பர் லேசாக வளைந்தால் போதும். கண்ணாடியில் தொடுவதற்கு முன்பே சுவிட்சைப் போடு. மேல் ஓரத்தில் வைத்து ஒரே வேகத்தில் கீழே இழு, நடுவில் நிறுத்தாதே. அடுத்த இழுப்பு முந்தையதன் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறட்டும், இல்லையென்றால் நடுவே ஒரு தண்ணீர்க்கோடு நிற்கும். கீழ் ஓரத்தில் தேங்கும் தண்ணீரைக் காய்ந்த துணியால் ஒற்றி எடு, அதை மெஷினால் எடுக்க முயன்றால் சேனல் மணலும் ஏறும்.

அந்த நேர்கோட்டுக்கு வருகிறேன். ஒரே இடத்தில் கோடு வந்தால் ரப்பரின் அந்த இடத்தில் மணல் துகள் ஒட்டியிருக்கிறது, அல்லது சின்ன வெட்டு இருக்கிறது. ஈரத்துணியை மடித்து ரப்பர் விளிம்பை முழு நீளத்துக்கும் ஒருமுறை வழித்துப் பார். கோடு நின்றுவிட்டால் மணல்தான். நிற்காவிட்டால் ரப்பர் பட்டியைப் பக்கவாட்டில் உருவி, திருப்பிப் போடு. அதற்கு இரண்டு விளிம்பு உண்டு, ஒன்று தேய்ந்தால் மற்றது புதிதுபோல் வேலை செய்யும். இரண்டும் தேய்ந்த பிறகு புதுப் பட்டி வாங்கு. பெரிய தலைக்கு 28 சென்டிமீட்டர், சின்னத் தலைக்கு 17. வாங்கும்போது உன் மெஷினின் மாடல் எண்ணைப் பார்த்து வாங்கு, அளவு ஒன்றானாலும் பள்ளம் பொருந்தாமல் போகும்.

தண்ணீரை இழுக்கவே இல்லையென்றால் வரிசையாக இவற்றைப் பார். தொட்டி நிரம்பிவிட்டதா? தலை 'க்ளிக்' என்று பூட்டியிருக்கிறதா? தொட்டியின் ரப்பர் மூடி முழுதாக அமர்ந்திருக்கிறதா? தடுப்பில் தலைமுடி, நூல் அடைத்திருக்கிறதா? நாலும் சரியாக இருந்து, சத்தம் மட்டும் மெலிந்திருந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. காற்று வெளிவரும் துளைகளிலிருந்து தண்ணீர் தெறித்தால் உடனே அணைத்துவிடு. நிரம்பிய தொட்டி, நுரை, மெஷினைத் தலைகீழாகப் பிடித்தது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தொட்டியைக் காலி செய்து, திறந்து வைத்து, ஒரு முழு நாள் காயவிட்ட பிறகே சார்ஜில் போடு.

வேலை முடிந்ததும் தொட்டி, தடுப்பு, தலை மூன்றையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசு. உங்கள் ஊரில் இதை ஒருநாள்கூட விடக்கூடாது. மோட்டார் இருக்கும் உடம்பைக் குழாயில் காட்டாதே, ஈரத்துணியால் துடைத்தால் போதும். எல்லாம் காயும்வரை மூடாமல் வை, மூடினால் நாற்றம் வரும்.

சார்ஜ் ஏறவில்லை என்று நீ சொன்னதற்கு உப்புக்காற்றைத்தான் சந்தேகப்படுகிறேன். சார்ஜர் பின்னிலும் துளையிலும் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். சார்ஜரை மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காதுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகு. சார்ஜ் முடிந்ததும் துளையின் ரப்பர் மூடியைத் தவறாமல் மூடு. உள்ளே இருப்பது லித்தியம் அயன் பேட்டரி, 40 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் செய்யக்கூடாது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியிலோ காரிலோ விட்டுவிடாதே. மழைக்காலத்தில் கொஞ்ச நாள் எடுக்கமாட்டாய் என்றால் பாதி சார்ஜில் வை. காலியாக மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி திரும்ப எழும்பாமல் போகலாம். மெஷினின் உடம்பு வீங்கிக்கொண்டு வந்தால் அதன்பின் சார்ஜ் போடவே கூடாது.

ஏசி அறையின் கண்ணாடி வெளிப்புறத்தில் விடிகாலையில் வியர்த்து நிற்குமே, அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது, உப்பை மட்டும் கரைத்து வைத்திருக்கும். கை எட்டும் இடமாக இருந்தால் அதை அப்படியே மெஷினால் இழுத்துவிடு. அது தானாகக் காய்ந்தால் உப்பு மறுபடி படலமாகப் படியும். வாரக் கழுவலுக்கு நடுவில் இது பெரிய உதவி. அன்றும் தொட்டியை அலச மறந்துவிடாதே.

கடைசியாக, எனக்குக் கவலை தருவது ஒன்றுதான். இரண்டாம் மாடி ஜன்னலில் ஏறி நின்றோ, வெளியே சாய்ந்தோ வெளிப்புறக் கண்ணாடியைத் துடைக்காதே. கச்சான் ஒரு தள்ளு தள்ளினால் பிடிமானம் இருக்காது. ஸ்லைடிங் ஷட்டரை மேலே தூக்கி, கீழ்ப்பக்கத்தை உள்ளே இழுத்தால் சேனலிலிருந்து வந்துவிடும். கழன்று விழாமல் இருக்க மேலே பூட்டுக்கட்டை இருந்தால் முதலில் அதன் ஸ்க்ரூவைத் தளர்த்து. 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ எடை. உன் இரண்டடிக்கு நாலடி ஷட்டரில் கண்ணாடி மட்டும் ஒன்பது கிலோவுக்கு மேல், ஃபிரேம் தனி. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நாளில் இருவருமாக இறக்கி, பாத்ரூம் சுவரில் பழைய துண்டு விரித்துச் சாய்த்துக் கழுவுங்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் இறக்கவே வேண்டாம், அடுத்த நாள் செய்யலாம்.

அப்பா சனிக்கிழமை மண்டபம் வரும்போது புது ரப்பர் பட்டியும் மைக்ரோஃபைபர் துணியும் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா