பாக்கி நோட்டு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் மூன்று நிமிடத்தில் "எல்லாம் நல்லா போகுதும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன்னைத் திட்டுவதற்காக இல்லை. தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவனைப் போட்டுக் கேட்காதே.

புது மிஷின் போட்டோ பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பார். போன தடவை நீ விட்டுவிட்டுப் போன, உன் கடையில் செய்த அட்டைப் பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன், மூலை எவ்வளவு கச்சிதமாக மடங்குகிறது என்று. ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள் என் மகள் என்று சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

சரி, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரிய பார்ட்டி 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள் என்று பேச்சுவாக்கில் ஒரு நாள் சொன்னாய். அட்டை வாங்குகிற இடத்தில் உனக்கு 15 நாள்தான் தவணை. நடுவில் இருக்கிற 75 நாளுக்கு யார் பணம் போடுகிறார்கள்? நீ போடுகிறாய். அவர்கள் ஆர்டரை இரண்டு மடங்காக்கினால் நீ போட வேண்டிய பணமும் இரண்டு மடங்காகும். அதனால்தான் வியாபாரம் பெருகப் பெருகக் கையில் காசு இல்லாமல் போகிறது. பில்லைக் கூட்டிப் பார்த்தால் லாபம் இருக்கும், பாங்கில் பார்த்தால் இருக்காது. இது உன் திறமைக் குறைவு இல்லை, தவணைக் கணக்கு அப்படி. ஆனால் அதைச் சரி செய்யாமல் மேலே மேலே ஆர்டர் எடுத்தாயானால் அது உன் தவறுதான், நான் அப்படித்தான் சொல்வேன்.

விலையைக் குறைத்துக் கொடுத்தாய் என்றும் கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதே. நூறுக்கு விற்பதில் எண்பது அட்டைக்கும் வேலைக்கும் போகிறது என்று வை, மிச்சம் இருபது. நீ பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் போவது விலையில் பத்தில் ஒரு பங்கு, உன் லாபத்தில் பாதி. பழைய லாபத்தைப் பார்க்க இரண்டு மடங்கு விற்க வேண்டும், இரண்டு மடங்கு அட்டையும் கடனில் வாங்க வேண்டும். அதற்குப் பதில், "விலையைக் குறைக்கிறேன், பாதிப் பணத்தை முன்னால் கொடுங்கள்" என்று கேட்டிருக்கலாம். கேட்டாயா? நீ கேட்டிருக்க மாட்டாய். காசு விஷயம் வந்தால் உனக்கு என்னைப் போலவே வாய் வராது.

வெளியில் வட்டிக்குக் கடன் எதுவும் வாங்கிவிடாதே. பொதுவாகத்தான் சொல்கிறேன். மாதம் 2 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும், கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 27 சதவீதம் ஆகிறது. உன் தொழிலில் அவ்வளவு மிஞ்சாது. சம்பளத்துக்கு இழுபறி என்றால் முதலில் பாக்கியை வசூல் பண்ணு, தேங்கிக் கிடக்கிற சரக்கை விற்று முடி, அப்புறம் கடன். வரிக்கு எடுத்து வைத்த பணத்தைத் தொடாதே, அது உன் பணமே இல்லை. கூடப் பிறந்தவர்களிடமும் வாங்காதே. வாங்கினால் எழுதிக் கொடுத்து வாங்கு.

தம்பி எதுவும் சொல்லவில்லை.

நீ கடை திறந்த அன்று எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னாய், நினைவிருக்கிறதா? "அப்பா மாதிரி கணக்குத் தெரியாம நான் மாட்டிக்க மாட்டேன்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அச்சகத்தில் பாக்கி நோட்டு எழுதியது நான். அப்பாவுக்கு மிஷின் தெரியும், காகிதம் தெரியும், மை தெரியும், கணக்கை என்னிடம் விட்டிருந்தார். நம் வீட்டில் எல்லாரும் திட்டுகிற அந்த ஆள் இருக்கிறானே, அவன் ஒரே நாளில் ஏமாற்றவில்லை. பதினோரு மாதம் அவன் பாக்கியை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு என் கையாலேயே கொண்டு போனேன். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொடுப்பான், அதைவிட அதிகமாக வேலை வாங்கிப் போவான். எனக்குத் தெரிந்தது. சொன்னால் அப்பா முகம் வாடிவிடும் என்று சொல்லவில்லை.

ஒரு ராத்திரி அவரே கேட்டார், மொத்தம் எவ்வளவு நிற்கிறது என்று. நான் பாதியைத்தான் சொன்னேன். அவர் தூங்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன், வேறு எதற்கும் இல்லை. நன்றாகத் தூங்கினார். காலையில் எழுந்து போய், அந்தத் தொகையை நம்பி, அடுத்த வேலைக்குக் காகிதம் கடனில் எடுத்தார். அந்தக் காகிதத்தின் கடன்தான் கடைசியில் மிஷினைக் கொண்டு போனது. அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, கண்ணு. அவருக்குத் தப்பான கணக்கைக் கொடுத்தது நான். கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். நீங்கள் இரண்டு பேரும் அப்படி நினைத்து வளர்ந்தீர்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தால் கோபப்படு. ஆனால் இதைச் செய். இன்றைக்கே ஒரு தாளில் உனக்கு வர வேண்டியதை எல்லாம் எழுது, 30 நாளுக்கு உள்ளே ஒரு வரிசை, 60 வரை ஒன்று, 90 வரை ஒன்று, அதைத் தாண்டினது தனியாக. நீ கொடுக்க வேண்டியதையும் கீழே எழுது, தம்பியிடம் வாங்கியது உட்பட. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பாக்கிக்காரர்களுக்கு நான் போன் பண்ணுகிறேன், எனக்கு இப்போது கேட்பதற்குக் கூச்சம் கிடையாது. 90 நாளைத் தாண்டியவர்களுக்குப் பழைய பாக்கி வரும்வரை புதுப் பெட்டி போகக் கூடாது, அந்தப் பெரிய பார்ட்டியாக இருந்தாலும் சரி.

இந்த மாதம் எனக்குப் பணம் அனுப்பாதே, என்னிடம் இருக்கிறது. மொத்தம் எவ்வளவோ அதை அப்படியே எழுது. நான் தூங்க வேண்டும் என்று குறைத்து எழுதாதே.

அம்மா